112 அடி மனு



நினைவுச் சொற்பொழிவு என்றால் தத்துவம் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் மனுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், அந்த மனு அல்ல. கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கிறோமே, இந்த மனு.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்ட காலம் அது. நடத்தினால் அதிகாரம் முழுக்கச் சாதி இந்துக்களின் கைக்குப் போய்விடும் என்று எதிர்த்து, இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். நீளம் 112 அடி. கையொப்பங்கள் 3,412. அந்த நிலைப்பாடு சரியா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு, வாதாடட்டும். நான் நினைத்துப் பார்ப்பது அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு சேரி சேரியாக நடந்திருக்கக்கூடிய கால்களை. கையெழுத்து வாங்குவது என்றால் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து விஷயத்தை விளக்கவேண்டும். அதுவும் அரசியல்தான்.

"கட்சியில் இல்லை, மேடையேறிப் பேசவும் வராது, நான் என்ன செய்வது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்று தெரியுமா? செங்கற்பட்டு கலெக்டர் டிரமென்கீர் 1891இல் அறிக்கை எழுதினார். மறு ஆண்டு அரசாணை வந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன? அதைக் கேட்டுப் போராடியதில்தான் காரணையின் ஜான் தாமசும் ஏழுமலையும் 1994இல் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

கேட்கத் தொடங்க ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாயும் போதும். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 6(1). தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், புதியதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். டி.சி. என்ற குறிப்பு பழையதில் இருந்து புதியதில் காணாமல் போயிருந்தால், அந்த இரண்டு தாள்தான் உங்கள் சாட்சி. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கமுடியாது, காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது.

அந்தத் தாள்களோடு கிராமசபைக்குப் போங்கள். 500 பேருக்குட்பட்ட ஊராட்சியில் 50 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், 3,000 வரை என்றால் 100 பேர். நம் தெருவிலிருந்து பாதிப்பேர் போனாலே கணக்கு மாறிவிடும். நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை: தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். முறைப்பார்கள். 1997இல் மேலவளவில் முருகேசனையும் தோழர்களையும் வெட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்த ஊராட்சி நாற்காலி எவ்வளவு பெறும் என்று. ஆகவே தனியாகப் போகாதீர்கள், பத்துப்பேராகப் போங்கள்.

அடுத்த கிராமசபை அக்டோபர் 2. கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். சர்வே எண் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள்.