சாயமும் உப்பும்

பருத்தியிற் சாயம் நன்கு பற்றுவதற்கு உப்புச் சேர்ப்பார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு சேரும். உப்போ கழிவுநீரோடு போய்விடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் அந்நீர் பல்லாண்டுகள் நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் கெட்டன.

2011 சனவரியில், பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பல்லாயிரவர் பிழைப்பு ஒருபுறம், ஆறு மறுபுறம்! பின்னர், கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடித்தும், எஞ்சியதைக் காய்ச்சியும், நீரை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறை வேரூன்றிற்று.

ஆயினும், நீர் பிரிந்தபின் நச்சுச் சேறும் கலப்பு உப்பும் எஞ்சுகின்றனவே! அவற்றைக் காப்பாக வைக்கவும் இடம் வேண்டும். சுத்திகரிப்பு கழிவை நீரினின்று பிரிக்கிறதேயன்றி, முற்றும் அழிப்பதில்லை. ஆதலின், குறைந்த உப்பிற் சாயமேற்றும் வழி காண்பதே அறிவுடைமை. அவ்வழி காணும் பணி உங்கள் தலைமுறைக்குரியது.