வாளியை உதைத்த கிழவர்

(பிரிக்பீல்ட்சில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிக் என்றால் செங்கல். பீல்ட் என்றால் வயல். செங்கல் விளைந்த வயலா இது? 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் பாழாக்கின. அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுமாறு 1884இல் சுவெட்டன்ஹாம் ஏற்பாடு செய்தார். அதற்கு வேண்டிய கல்லை அறுத்துச் சுட்ட களமே பிரிக்பீல்ட்ஸ். தனித்தனியே தெரிந்த இரு சொற்கள், சேர்ந்தபின் வேறு பொருள் தருகின்றன.

ஆங்கிலக் கதை படிப்போர் தடுமாறும் இடமும் இதுவே. இளமையில் நான் படித்த கதையொன்றில் ஒரு கிழவர் 'கிக் த பக்கெட்' செய்தார் என்றிருந்தது. வாளியை உதைத்தார் என்று பொருள் கொண்டேன். பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த எனக்கு வாளி என்றால் பால்வாளிதான். ஒருநாள் பாலைக் கொட்டிவிட்டாரே, கிராணிக்கு என்ன பதில் சொல்வார் என்று வருந்தினேன். அடுத்த பக்கத்தில் அவருக்குச் சவ அடக்கம்! அத்தொடருக்கு இறந்துபோதல் என்று பொருளாம்.

ஆங்கிலத்தைக் குறை கூறிப் பயனில்லை. 'மண்டையைப் போட்டான்' என்பதை ஓர் ஆங்கிலேயர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எங்கே போட்டான் என்று தேடமாட்டாரா? இவ்விரு தொடர்களும் மரியாதைக் குறைவானவை என்பதையும் மறவாதீர்கள். தாத்தாவின் மறைவுக்கு விடுப்புக் கேட்டு நிர்வாகிக்கு எழுதும் கடிதத்தில் வாளியை உதைத்தால், நம் துக்கம் பிறர்க்கு நகைப்பாகிவிடும். பொருளறிவது பாதி, யார், யாரிடம், எந்நிலையில் சொல்கிறார் என்றறிவது மறுபாதி. கதைகள் கற்பிப்பது அந்த மறுபாதியைத்தான்.

சில வழிகளைக் கூறுகிறேன். புரியாத தொடரில் நின்றுவிடாமல் பத்தி முழுவதையும் படியுங்கள். முன்பின் நிகழ்ச்சிகளே பாதி விடையைத் தரும். தோட்டத்துக் கதையில் டிரெசர் வந்தார் என்றிருந்தால், அது அலமாரியன்று, மருந்து கொடுப்பவர் என்பதை உங்கள் அனுபவமே சொல்லும். பின்னர், மொழி பயில்வோர்க்கான அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இத்தகைய அகராதியொன்றைத் தொகுத்து 1942இல் தோக்கியோவில் வெளியிட்டார். 1948இல் ஆக்ஸ்போர்டு அதனைப் பதிப்பித்தது. அதன் வழிவந்த இன்றைய பதிப்புகளில் 'கிக்' என்னும் சொல்லின் கீழ் நம் வாளியும் கிடைக்கும். கண்ட தொடரை, அது வந்த வாக்கியத்தோடு ஏட்டில் எழுதி வையுங்கள்.

நம்மால் இயலுமா என்று ஐயுறாதீர்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்த கே. எஸ். மணியம், 1981இல் 'தி ரிட்டர்ன்' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகன் ஆங்கிலப் பள்ளியில் பயிலும் கதை அது. நம்மவர் வாழ்வே அம்மொழியில் நூலாகி நிற்கையில், அதைப் படிக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும்.