மார்கழிப் பனியும் மலைப் பனியும்

(திருவரங்குளம் குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் பனிச்சரிவு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார்; லடாக்கில் பணி. "பனி விழுந்தா ஆளு எப்படி சார் சாவாங்க? தொடைச்சா போயிடுமே?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் அறிந்த பனி, மார்கழியில் வரப்புப் புல்லில் நம் காலை நனைப்பது. அதே சொல்லைத்தான் இமயமலைக்கும் வைத்திருக்கிறோம். தவறு பிள்ளையிடம் இல்லை.

எனவே எடையிலிருந்து தொடங்கினேன். சரிந்து வந்து குவிந்த பனி, ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை இருக்கும். ஓடும்போது மாவு, நின்றதும் சிமெண்ட். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பிழைப்பவர் குறைவு. பெரும்பாலும் கொல்வது குளிரல்ல, மூச்சுத்திணறல். அதனால்தான் மலையேறுவோர் இருப்பிடம் காட்டும் ரேடியோ கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றையும் ஆளுக்கொரு செட் சுமக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து உதவி வரும்வரை உயிர் காத்திருக்காது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாமின் மீது பனிச்சுவர் சரிந்தது. புதைந்த 10 வீரர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் 4 பேர் நம் தமிழ்நாட்டவர். கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா மட்டும் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் காலமானார். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

பனி ஏன் சரிகிறது? ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. நடுவே ஓர் அடுக்கு சர்க்கரை போல ஒட்டாமல் கிடந்தால், மேலே இறுகிய பலகை அப்படியே வழுக்கி இறங்கும். சினிமாவில் கத்தினால் பனி சரிகிறது. உண்மையில் கத்துவதால் அல்ல, மிதிப்பதால்தான் சரிகிறது. சிக்கியவர்களில் பலரைப் புதைத்தது, அவர்களோ உடன் வந்தவரோ வைத்த காலடிதான்.

இதைச் செய்து காட்டலாம். பரீட்சை அட்டையில் ஈரத்துணியை விரித்து, கோதுமை மாவு, அதன்மேல் சர்க்கரை, மறுபடியும் மாவு போட்டு அழுத்துங்கள். கோணமானியைப் பக்கத்தில் வைத்து மெல்லச் சாயுங்கள். எங்கள் வகுப்பில் 30 பாகையைத் தாண்டியதும் மேல் மாவு பாளமாக வெடித்து இறங்கியது. மலையிலும் பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்குவதில்லை, அவ்வப்போதே உதிர்ந்துவிடும்.

அந்த மாணவி இரண்டாம் முறை தானே அட்டையைச் சாய்த்தாள். பிறகு, "அண்ணன் இருக்கிற இடம் எத்தனை பாகை சார்?" என்று கேட்டாள். இமயமலைப் பகுதிக்குப் பனிச்சரிவு முன்னெச்சரிக்கை தரும் டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று சண்டிகரில் இருப்பதைச் சொன்னேன். பாகைக் கணக்கை அண்ணனிடமே கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒன்று மறந்துவிட்டேன். சோதனை முடிந்ததும் மேசையை உடனே துடைத்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் மறுநாள் வரை எறும்பு.