பாசஞ்சர் வண்டியும் நம் ஊர் ஸ்டேஷனும்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கிராமத்து ரயில் பயணம் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் சொன்னார். உங்களில் பலர் சஷ்டியப்தபூர்த்திக்கோ சதாபிஷேகத்துக்கோ திருக்கடையூர் போய் வந்திருப்பீர்கள். மயிலாடுதுறையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, சுமார் 20 கிலோமீட்டர் போயிருப்பீர்கள். அந்தத் திருக்கடையூருக்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாயவரம் - தரங்கம்பாடி கிளைப் பாதை 1926-ல் திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ், சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஊருக்கு ஊர் நின்று போகும். எங்கள் கிராமம் ஆக்கூருக்குப் பக்கம். 1960-களில் எங்களுக்கு வெளியுலகம் என்றால் அந்த வண்டிதான்.

ஸ்டேஷனில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். போர்ட்டர் அதைத் தட்டினால், பக்கத்து ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். என் சித்தப்பா அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் காப்பியையே கையில் எடுப்பார். அப்படியும் வண்டியைத் தவறவிட்டதில்லை. வயல் வரப்பில் யாராவது குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால், கார்டு பச்சைக் கொடியைச் சற்றுத் தாமதமாகவே காட்டுவார். டிக்கெட் தீப்பெட்டி அளவில் கெட்டி அட்டையாக இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை இரும்பு மெஷினில் செருகி 'டக்'கென்று தேதி குத்திக் கொடுப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அதற்காக யாரும் ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுத்ததில்லை!

ஐப்பசி மாதம் துலா ஸ்நானத்துக்காகப் பாட்டி அடிக்கடி மாயவரம் போவாள். துணைக்கு நான். மடி, ஆசாரம் எல்லாம் கெட்டியாகப் பார்ப்பவள் பாட்டி. கூஜாவில் அகத்துத் தீர்த்தம், கையில் மடிசஞ்சி. எதிர் பெஞ்சில் தரங்கம்பாடியிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்கள். முதல் நாள் பாட்டி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். அவர்களே கூடைகளைக் கதவோரம் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தி தன் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, உடம்பு தேறவில்லை என்றாள். மறுவாரம் பாட்டி லேகியம் கிளறி எடுத்து வந்தாள். "இந்தாம்மா, காலம்பற வெறும் வயித்துல ஒரு உருண்டை குடு" என்று பெஞ்சில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் அந்தக் காலம். ஆனாலும் கடைமுகத்தன்று அந்தப் பெண், "பாட்டிம்மா, மக எழுந்து நடமாடுதுங்க" என்று சொன்னபோது பாட்டி முகத்தில் கண்ட சந்தோஷம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அந்தப் பெண் எங்கள் தெருவுக்குள் வந்ததே கிடையாது. பாட்டியும் அவர்கள் குப்பத்தைப் பார்த்ததில்லை. இருவரும் எதிரெதிரே சமமாக உட்கார்ந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி மாணவர்களும், காய்கறிக் கூடைக்காரர்களும், கோர்ட்டுக் கட்டோடு போகும் மிராசுதார்களும் நெருக்கி உட்கார்ந்து வந்ததும் அங்கேதான்.

பிறகு பஸ் வந்தது. 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. தெருமுனையிலேயே பஸ் நிற்கும்போது, நாளுக்குச் சில தடவையே வரும் ரயிலுக்கு யார் காத்திருப்பார்கள்? டிக்கெட் விற்பனை குறைந்தது. 1986-ல் தரங்கம்பாடி வண்டி நின்றது. நின்றது நின்றதுதான்.

ஒரு பாதையை மூடுவது சுலபம், திறப்பது கஷ்டம். நீடாமங்கலம் - மன்னார்குடி பாதை 1976-ல் மூடப்பட்டது. அகலப் பாதையாகத் திரும்ப 2011 ஆயிற்று, 35 வருஷம்! திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி, 37 கிலோமீட்டர், பல வருஷம் வண்டியில்லாமல் கிடந்து 2023 ஏப்ரலில்தான் திறந்தது. 2019-ல் திருவாரூர் - காரைக்குடி பாதை திறந்தபோது போதிய கேட் கீப்பர்கள் இல்லை. வண்டியிலேயே ஆட்கள் வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த வண்டியை நம்பியிருந்தவர்களுக்கு அது சிரிப்பல்ல.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்ட பாசஞ்சர்கள், திரும்ப வந்தபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்தன. வேகம் கூடவில்லை. குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். நமக்கு 20 ரூபாய் பெரிதல்ல. தினமும் கூடை சுமந்து போய் வருபவளுக்கு அது அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு.

இதையெல்லாம் ஏக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாம் டில்லி, பம்பாய், கல்கத்தா, நாகபுரி என்று எங்கெங்கோ இருக்கிறோம். ஆனால் குலதெய்வத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் ஊருக்குப் போகாமல் இருப்பதில்லை. பெரிய ஸ்டேஷனில் இறங்கியதும் கார்தான். என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் ஊருக்குப் பாசஞ்சர் இன்னும் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஓடினால் கடைசிச் சில மைல்களை அதில் போங்கள், பேரக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு. திரும்பும்போது அந்தச் சின்ன ஸ்டேஷனிலேயே டிக்கெட் வாங்குங்கள். ஹால்ட் ஸ்டேஷன் பலவற்றில் டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷனுக்கு விற்கும் ஏஜெண்ட். விற்பனை இருந்தால்தான் அவரும் இருப்பார், ஸ்டேஷனும் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை வரும் நாம் வாங்கும் நாலு டிக்கெட்டால் ஒரு ஸ்டேஷன் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அங்கே காத்திருப்பவர்களின் கணக்கோடு நம் நாலும் சேரட்டும்.