பதினொன்றாம் எண்ணில் தொடங்கிய புத்தகம்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "அமர் சித்திரக் கதையில முதல் புத்தகம் 'கிருஷ்ணா' தானே?"

இந்தச் சித்திரக் கதை வரிசையை உருவாக்கினவர்னு சொல்லப்படுற அனந்த் பை கதை உங்களுக்கே தெரியும். 1929ல கார்க்களாவுல பிறந்தவர். 1967ல டெல்லியில ஒரு கடையில டிவி ஓடுது, தூர்தர்ஷன் வினாடி வினா. கிரேக்கக் கடவுள்களைப் பத்தி டக்குன்னு சொன்ன பிள்ளைங்க, ராமரோட அம்மா பேரு தெரியாம முழிச்சாங்க. அந்த வருத்தத்துல பிறந்ததுதான் இந்த வரிசைன்னு நாமளும் கேட்டு வளர்ந்திருக்கோம்.

இப்போ பழைய 'கிருஷ்ணா' அட்டையில இருக்கிற எண்ணைப் பாருங்க. 11. அப்போ முதல் பத்து எங்க?

அதுக்கு பெங்களூருக்கு வரணும். இந்த வரிசையை வெளியிட்ட இந்தியா புக் ஹவுஸுக்காக இங்க புத்தகம் வித்துக்கிட்டிருந்தவர் ஜி.கே. அனந்தராம். சித்திரக் கதை போடலாம்னு கம்பெனிகிட்ட யோசனை சொன்னவர் அவர்தான். 1965லேயே கன்னடத்துல பத்து புத்தகம் வந்துடுச்சு! சிண்ட்ரெல்லா, பினோக்கியோ மாதிரி வெளிநாட்டுக் கதைங்கதான். ஆனா நல்லா வித்துச்சு. அந்த விற்பனையைப் பார்த்த பிறகுதான் கம்பெனியோட பம்பாய் தலைமை அலுவலகத்துல இருந்த மிர்ச்சந்தானி, அனந்த் பையை வச்சு இங்கிலீஷ்ல இறங்குறார். கன்னடத்துல பத்து முடிஞ்சிருந்ததால இங்கிலீஷ் 11ல ஆரம்பிக்குது.

புத்தகக் கடைக்காரங்களை நான் ரொம்ப மதிக்கிறேன். எந்த அட்டையைப் பார்த்து ஒரு குழந்தை அப்பா கையைப் பிடிச்சு இழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அனந்தராமோட யோசனையும் அப்படி வந்ததுன்னுதான் எனக்குத் தோணுது.

அனந்த் பையோட உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல. 'கிருஷ்ணா'வுக்கு எழுத்து அவரோடது, ஓவியம் ராம் வாயீர்கர். அப்புறம் சிவாஜி, ஜான்சி ராணி, திப்பு சுல்தான்னு வரிசையா வந்துச்சு. பாடப்புத்தகத்துக்கு வெளியே எத்தனையோ பேர் படிச்ச முதல் வரலாறு அதுதான். அதனாலதான் மனசு ஆற மாட்டேங்குது. பிள்ளைங்களுக்கு வரலாறு சொன்ன புத்தக வரிசை, அதோட சொந்த வரலாற்றுல முதல் பத்து புத்தகத்தையும் ஒரு மனுஷனையும் விட்டுட்டுச்சே!

ஆக, கேள்விக்குப் பதில்: 'கிருஷ்ணா' பதினொண்ணாவது. தொடக்கம் 1965, மொழி கன்னடம், டெல்லி டிவிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

பெங்களூர்ல பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கம் பழைய வீட்டுல இருக்கிறவங்க ஒரு தடவை பரணை இறக்கிப் பாருங்க. அந்தப் பத்துல ஒண்ணு கிடைச்சாலும் எனக்குச் சொல்லுங்க. நேர்ல வந்து பார்க்கிறேன்.