குறையை மறைத்து விற்ற காரும் வாங்கியவரின் உரிமையும்

 

முன்பெல்லாம் நம் மஹல்லாக்களில் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் மனை, நகை, சீட்டுப் பணம் ஆகியவற்றோடு நின்றுவிடும். இன்று பழைய காரும் அந்த வரிசையில் சேர்ந்துள்ளது. கம்பெனியும் இல்லை, கடையும் இல்லை. ஒருவர் தம் சொந்தக் காரை விற்கிறார், மற்றொருவர் வாங்குகிறார். சில நாட்களில் குறை வெளிப்படுகிறது. பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று விற்றவர் கேட்கிறார். வாங்கியவருக்கு உரிமை ஏதும் உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அண்மையில் இத்தகைய வழக்கு ஒன்று பள்ளிவாசலுக்கு வந்தது. பெயர்களைக் கூறுவது முறையன்று. காரின் விலை 3,15,000 ரூபாய். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம். மூன்றாம் வாரத்தில் வண்டியின் மின் இணைப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் காய்ந்த சேறு. இருக்கையின் போல்ட்டுகளில் துரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நீரில் மூழ்கிய கார்களில் அதுவும் ஒன்று. விற்றவருக்கு அது தெரியும். ஆயினும் அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பின்னர் எந்தக் குறைக்கும் விற்றவர் பொறுப்பல்ல என்று அதில் எழுதி, வாங்கியவரே கையொப்பமிட்டிருந்தார்.

இந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றுமா? இதே கேள்வி ஸஹாபாக்களின் காலத்திலேயே எழுந்துள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் அந்த நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், அவ்வடிமைக்கு ஒரு நோய் இருக்கிறது, அதைத் தமக்குக் கூறவில்லை என்று முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. நிபந்தனையைக் காட்டியதுமே வழக்கு முடிந்துவிடவில்லை. விற்றபோது அந்நோய் இருந்தது தமக்குத் தெரியாது என இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அந்த அடிமை குணமடைய, 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள். மறுத்தது பேணுதலால் என்றே நாம் நல்லெண்ணம் கொள்ள வேண்டும். அந்தத் தலைமுறையினர் சத்தியத்தை அவ்வளவு கனமாகக் கருதினர்.

அறிந்தே மறைத்த குறைக்கு இந்த நிபந்தனை பாதுகாப்பாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை வழக்கு மன்றத்தில் செல்லுபடியாகும். ஆனால் மறைத்த பாவம் நீங்கிவிட்டதாக எந்த மத்ஹபும் கூறவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுக் கண்டித்த ஹதீஸ் நாம் அறிந்ததே.

மீட்டரைத் திருத்தி 1,20,000 கிலோமீட்டரை 50,000 ஆக்கிக் காட்டுவதும் இன்று நடக்கிறது. இதற்கு நேர் ஒப்பான ஒன்றை ஹதீஸில் காணலாம். பால் அதிகம் உள்ளதாகத் தோன்றும்பொருட்டு ஆட்டையும் ஒட்டகத்தையும் சில நாட்கள் கறக்காமல் மடி கட்டி விற்பார்கள். அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீத்தம் பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். வாங்கியவரின் உரிமையைக் காத்ததோடு, அவர் அனுபவித்த பாலுக்கும் கணக்குப் பார்த்த நீதியைக் கவனியுங்கள்.

இனி நாட்டுச் சட்டம். தனிநபர் விற்பனையில் அது வாங்குபவருக்குக் குறுகிய வழியையே தருகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை, அத்தகைய பொருளைத் தொழிலாக விற்பவரையே பொதுவாகக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையமும், தம் சொந்தக் காரை ஒருமுறை விற்ற தனிமனிதருக்கு எதிரான புகாரைப் பொதுவாக ஏற்பதில்லை. பழைய கார் வியாபாரியிடம் வாங்கியிருந்தால்தான் அந்த வழி. அதற்கும் இரண்டு ஆண்டுகளே கெடு.

ஆயினும் வாசல் முழுதும் அடைபடவில்லை. விற்பவருக்கு அந்தக் காரை விற்கும் உரிமை இருந்தாக வேண்டும். கூறப்பட்ட விவரணைக்குக் கார் பொருந்த வேண்டும். இவ்விரண்டும் தனிநபரையும் கட்டுப்படுத்தும். எல்லாவற்றையும்விட முக்கியமானது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். தாம் அறிந்த உண்மையை முனைந்து மறைப்பதை அது மோசடி என்கிறது; ஏமாற்றப்பட்டவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வெறுமனே பேசாமல் இருந்தது பொதுவாக மோசடியாகாது. ஆகவே விளம்பரத்தில் எழுதியதும் செல்போனில் அனுப்பிய செய்தியும் பெரும் சாட்சிகள், அவற்றை அழித்துவிடாதீர்கள். மோசடியைக் கண்டறிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றம் செல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது நிரூபணமாக வேண்டும். கோபத்தில் நேரே காவல் நிலையத்துக்கு ஓடுவோர் இதை அறிந்துகொள்வது நல்லது.

மார்க்கமும் சட்டமும் கை கோக்கும் இடம் ஒன்று உண்டு, அது விரைவு. குறையைக் கண்டதும் தாமதமின்றித் திருப்ப முற்பட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். வாங்கிய பிராணியின் குறை தெரிந்த பின்னும் தன் தேவைக்காக அதன்மீது ஏறிச் சென்றால், குறையைப் பொருந்திக்கொண்டதாகவே பொருள் என்றும், திருப்பிக் கொடுப்பதற்காக ஏறிச் சென்றால் அவ்வாறாகாது என்றும் ஹனஃபி நூல்கள் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகின்றன. காரும் அப்படியே. குறை தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, புகைப்படம் எடுத்து, பதிவுத் தபாலில் விற்றவருக்கு அறிவியுங்கள்.

நம் சகோதரர் இதைச் செய்யவில்லை. சேற்றைக் கண்ட பிறகும் இரண்டு மாதங்கள் ஓட்டினார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கும் அதிலேயே சென்றார். திருப்பிக் கொடுக்கும் வாதம் வலுவிழந்தது. எனவே சமரசம் பேசினோம். குறைக்கு ஈடு காண ஃபுகஹாக்கள் ஒரு கணக்கு வைத்துள்ளார்கள். விவரமறிந்த இருவர் மதிப்பிட்டதில், குறையின்றி இருந்தால் அந்தக் கார் 3,00,000 ரூபாயும், நீரில் மூழ்கிய நிலையில் 2,00,000 ரூபாயும் பெறும் என்றார்கள். குறைவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,000 ரூபாயை விற்றவர் இரு தவணைகளில் தர இணங்கினார். இரண்டு அமர்வுகள் கசப்பாகவே முடிந்து, மூன்றாவதில்தான் இது கைகூடியது. ஜமாஅத்தில் இணங்காதவர்களுக்கு லோக் அதாலத் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பெறும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

பிறகு அந்தச் சகோதரர் என்னிடம் தனியே கேட்டார்: "ஹஜ்ரத், இந்தக் காரை இனி நான் விற்கலாமா?" தாராளமாக விற்கலாம், தண்ணீரில் மூழ்கியதைச் சொல்லி விற்க வேண்டும் என்றேன். சொன்னால் யார் வாங்குவார் என்றார். இரண்டு லட்சத்துக்கு வாங்குவார்கள். அந்தக் குறைவுக்கு ஈடாகத்தானே பணம் பெற்றிருக்கிறீர்கள் என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, விளம்பரத்தில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டார். இருவரும் அமர்ந்து எழுதினோம். படிவம் 29, 30 இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை தொடர்ந்து பார்க்கும்படியும் கூறினேன். பெயர் மாறாத காரால் விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.