கனவை அடக்கும் மாத்திரை



இன்னும் சற்று நேரத்தில் இந்தத் திரையில் நீங்கள் காணப்போகும் ‘பும்சி’ என்ற படத்தை, நைரோபியில் பிறந்த வனுரி கஹியு என்ற பெண்மணி 2009ஆம் ஆண்டில் எடுத்தார். சுவாகிலி மொழியில் பும்சி என்றால் மூச்சு. தண்ணீருக்காக மூண்ட மூன்றாம் உலக யுத்தம் ஓய்ந்து 35 ஆண்டுகள் சென்றபின், எஞ்சிய மனிதர்கள் வெளிக்காற்றுப் படாத கட்டிடத்துக்குள் அடைந்து, தங்கள் வியர்வையையும் சிறுநீரையும் வடித்துக் குடித்து உயிர் தரிக்கும் காலத்தில், ஆஷா என்ற பெண் ஒரு மரத்தைக் கனவு காண்கிறாள். உடனே யந்திரம் அதைக் கண்டுபிடித்து, கனவை அடக்கும் மாத்திரையை விழுங்கு என்று ஆணையிடுகிறது! மாண்டுபோன மரத்தை நினைப்பதும் அங்கே வியாதி, ஐயா! மரத்தின் பிம்பத்தைப் பொருட்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஆறுதல் கொள், வெளியே போகாதே என்கிறார்கள்.

ஆஷாதான் கதாநாயகி. ஆயினும் என் நெஞ்சைவிட்டு அகலாதவள் வேறொருத்தி. அங்கே கழிவறையைத் துடைக்கும் பெண். அவளிடம் பிறகு வருகிறேன்.

ஆப்பிரிக்கப் படமென்றால் முரசும் கூத்தும்தானே, அதற்கொரு விழாவா என்று சென்ற மாதம் ஒரு மேடையில் சில மேதாவிகள் பேசினார்கள். பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்கிறேன்: நைஜீரியாவின் கடூனா நகரத்துப் பிள்ளைகள், கண்ணாடி உடைந்த கைபேசியை வைத்துக்கொண்டு, மின்சாரம் போய்ப்போய் வரும் வீட்டில், 10 நிமிட விஞ்ஞானக் கற்பனைப் படமொன்றை 7 மாதம் பாடுபட்டு முடித்தார்களே, அந்தப் பொறுமையில் ஒரு வீசம் உங்களிடம் உண்டா? மூன்று மணி நேரப் படத்துக்கு மாலை போடுகிறவர்கள், ‘பும்சி’யின் இந்த 20 நிமிடச் சொச்சத்துக்குச் செவி சாய்க்க மறுக்கிறார்களே என்பதுதான் என் நெடுநாள் வேதனை!

காங்கோவுக்கு வாருங்கள். கைபேசியின் மின்கலத்துக்கு வேண்டிய கோபால்டில், உலகம் தோண்டுவதில் பாதிக்குமேல் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது. அந்நாட்டில் பிறந்த பலோஜி என்ற பாடகர் 2019இல் எடுத்த ‘சோம்பீஸ்’ என்ற குறும்படத்தில், கின்ஷாசாவின் முடிதிருத்தும் நிலையத்திலிருந்து இரவு விடுதிவரை, தன் மண்ணைத் தோண்டிச் செய்த கருவியின் வெளிச்சத்திலேயே ஒரு ஜனசமூகம் தன்னை மறந்து ஆடுகிறது. துயரம் பெரிதாக இருக்கிற இடத்தில் மறதிக்கும் கிராக்கி பெரிதாக இருப்பதை நான் குற்றமென்று சொல்லத் துணியேன். என் மனைவி மறைந்த வருஷம், அவள் குரல் பதிந்த ஒலிநாடாவை ஓடவிட்டுக்கொண்டு எத்தனை இரவுகள் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் துப்புரவுப் பெண்ணிடம் வருகிறேன். ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு இருக்கிற அந்த உலகத்தில், ஆஷா தன் பங்குத் தண்ணீரில் அவளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறாள். பின்னொரு நாள், முளைவிட்ட ஒரே செடியைக் கையிலேந்தி ஆஷா வெளியேற வழியின்றித் தவிக்கும்போது, பெரிய பதவிக்காரர் ஒருவரும் வரவில்லை, இவள் வந்தாள். வழி காட்டினாள். தான் உள்ளேயே நின்றுவிட்டாள்.

ஆஷா பாலைவனத்தில் என்ன ஆனாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் திரையில் வரும்போது மட்டும் யாரும் பேசாதிருங்கள். தம்பி, விளக்கை அணையப்பா.